வெரி டயர்ட் சரி, வெரி டெஸ்ட்ராய்ட் ஏன் தவறு? மூன்றாம் வடிவ வினை, பிரதிப்பெயர், அழுத்தச் சொல்: முழுமையான வழிகாட்டி

"ஐ எம் வெரி டயர்ட்" என்றால் யாரும் திருத்த மாட்டார்கள். "தி ஹவுஸ் வோஸ் வெரி டெஸ்ட்ராய்ட்" என்று எழுதினால் சிவப்பு மை விழும். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் ஓர் ஆள் அல்லது பொருள், நடுவில் "வெரி", கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். ஒன்று நிற்பதற்கும் மற்றது விழுவதற்கும் காரணம் "வெரி" அல்ல. மூன்றாம் வடிவம் அந்த வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் காரணம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் எந்தப் பிரதிப்பெயர் (ஹி, ஷி, தெம் போன்றவை), எந்த அழுத்தச் சொல் (வெரி, சோ, கம்ப்ளீட்லி போன்றவை) என்பதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாலை டியூஷனுக்கு வரும் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளையும், ஈப்போ பக்கம் இன்டர்வியூவுக்குக் கிளம்பும் இளைஞர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடைவீதியில் சீனம். ஆங்கிலம் இவற்றுக்குப் பிறகுதான் வாய்க்கு வருகிறது. அதனால் நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளைக் கவனித்துப் பார்த்தால், பாதி தமிழிலிருந்தும் பாதி மலாயிலிருந்தும் வந்தவையாக இருக்கும். ஊர் தெரிந்த பிழைகள்தாம், திருத்துவதும் எளிது.

படி 1: மூன்றாம் வடிவத்தின் மூன்று வேலைகள்

ரைட், ரோட், ரிட்டன். ஈட், ஏட், ஈட்டன். கடைசியில் நிற்பதுதான் மூன்றாம் வடிவம். இலக்கணப் புத்தகத்தில் பாஸ்ட் பார்ட்டிசிப்பள். அது தனியாக நின்று ஒரு வாக்கியத்தின் வினையாக முடியாது. பக்கத்தில் ஒரு துணை வேண்டும்.

"ஹேவ், ஹேஸ், ஹேட்" துணைக்கு வந்தால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள்: "ஐ ஹேவ் ஈட்டன்." பசியாறிவிட்டேன். நம் பிள்ளைகள் இதை "ஐ ஆல்ரெடி ஈட்" என்பார்கள். மலாயின் "சூடா மாக்கான்" அப்படியே ஆங்கில உடை போட்டு வந்திருக்கிறது. கடையில் பேசும்போது யாருக்கும் குறையில்லை. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் மதிப்பெண் போகும்.

"இஸ், ஆர், வோஸ், வேர்" துணைக்கு வந்தால் வேறு ஒருவர் செய்ததை எழுவாய் பட்டது என்று பொருள். இங்கே நம் ஊர்க் கதையே நல்ல பயிற்சி. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். இதை "ஹி போர்ன் இன் 1919" என்று எழுதும் பழக்கம் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. "ஹி வோஸ் போர்ன் இன் 1919" என்பதே சரி. ஆங்கிலத்தில் யாரும் தாமாகப் பிறப்பதில்லை, பெறப்படுகிறார்கள். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க அவர் முன்னெடுத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் நிறுவப்பட்டது: "இட் வோஸ் ஃபவுண்டெட் இன் 1960." இங்கே "ஃபவுண்ட்" என்று எழுதினால் சங்கத்தை யாரோ வழியில் கண்டெடுத்ததாக ஆகிவிடும். ஃபைண்ட், ஃபவுண்ட், ஃபவுண்ட் என்பது கண்டெடுப்பது. ஃபவுண்ட், ஃபவுண்டெட், ஃபவுண்டெட் என்பது நிறுவுவது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. "த்ரீ பிளான்டர்ஸ் வேர் ஷோட். தி எமர்ஜென்சி வோஸ் டிக்ளேர்ட்." யார் சுட்டார், யார் அறிவித்தார் என்று சொல்லாமலேயே வாக்கியம் நிறைவாக நிற்கிறது. செயப்பாட்டு வினையின் பயனே அதுதான். செய்தவர் முக்கியமில்லாத இடத்தில், அல்லது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் அதை எடுங்கள். "தி ரைஸ் வோஸ் ஈட்டன் பை மீ" என்று வீட்டுக் கதையைச் செயப்பாட்டில் எழுதுவது வீண் வேலை.

மூன்றாவது வேலை, பெயரடையாக நிற்பது: "எ புரோக்கன் சேர்", "எ டயர்ட் மேன்." உடைந்த நாற்காலி, களைத்த ஆள். தமிழின் பெயரெச்சத்துக்குப் பக்கத்தில் வருவது இது. அதனால் நமக்குச் சிரமம் குறைவு.

ஒழுங்கற்ற வினைகளை அகர வரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஓசையில் சேர்ந்து வருபவற்றைக் கூட்டமாகப் பிடியுங்கள். மாறாத கூட்டம்: கட், புட், ஹிட், ஹர்ட், ஷட். ஓசை மாறி இரண்டும் மூன்றும் ஒன்றாகும் கூட்டம்: பாட் (வாங்குவது), தாட் (நினைப்பது), கோட் (பிடிப்பது), டாட் (கற்பிப்பது), புரோட் (கொண்டுவருவது). மூன்றும் வேறுபடும் கூட்டம்: சிங், சேங், சங், டிரிங்க், டிரேங்க், டிரங்க். கடைசியில் "ன்" ஒலிக்கும் கூட்டம்: ரிட்டன், டேக்கன், கிவன், புரோக்கன், சோசன். "ஐ ஹேவ் வென்ட்", "ஐ ஹேவ் சா" இரண்டும்தான் அதிகம் காதில் விழுகின்றன. அவை "கோன்", "சீன்" ஆக வேண்டும். இன்னொரு நுட்பம்: "ஹி ஹேஸ் கோன் டு ஈப்போ" என்றால் இன்னும் திரும்பவில்லை. "ஹி ஹேஸ் பீன் டு ஈப்போ" என்றால் போய் வந்துவிட்டார்.

படி 2: கொடுப்பது யார், வாங்குவது யார்

"ஐ எம் போரிங்" என்று ஒரு பையன் சொன்னால், என்னோடு பேசினால் உங்களுக்கு அலுத்துப் போகும் என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறான். அவன் சொல்ல வந்தது "ஐ எம் போர்ட்." உணர்ச்சியைக் கொடுப்பதற்கு "இங்" முடிவு, அதை வாங்குபவருக்கு மூன்றாம் வடிவம். பாடம் போரிங், பிள்ளை போர்ட். செய்தி ஷாக்கிங், கேட்டவர் ஷாக்ட். தேர்வு முடிவு டிஸ்அப்பாயின்டிங், அம்மா டிஸ்அப்பாயின்டெட். இன்ட்ரஸ்டிங் இன்ட்ரஸ்டெட், கன்ஃபியூசிங் கன்ஃபியூஸ்ட் எல்லாம் இதே வழி. உணர்ச்சி வினைகளுக்கு இந்த ஒரு விதி போதும்.

படி 3: பிரதிப்பெயர்

முதலில் ஆண், பெண் சிக்கல். தமிழில் மரியாதைக்குரிய "அவர்" இருபாலுக்கும் பொது. மலாயின் "டியா" எல்லோருக்கும் பொது. இரண்டும் சேர்ந்து, தலைமையாசிரியையைப் பற்றி எழுதும் பிள்ளையை "ஹி" போட வைக்கின்றன. முதல் வரியில் "ஷி" என்று தொடங்கி நான்காவது வரியில் "ஹிஸ்" என்று முடியும் கட்டுரைகள் ஏராளம். எழுதி முடித்ததும் பிரதிப்பெயர்களை மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். வேறு எதையும் அப்போது பார்க்க வேண்டாம்.

அடுத்து, வாக்கியம் திரும்பும்போது பிரதிப்பெயரும் உருமாறுகிறது. "தே சோஸ் ஹிம்" என்பதைத் திருப்பினால் "ஹி வோஸ் சோசன் பை தெம்." ஹிம் முன்னால் வந்து ஹி ஆனது. தே பின்னால் போய் தெம் ஆனது. "பை தே", "பை ஹி", "பை ஐ" எதுவும் கிடையாது. "வித்", "அபவுட்", "இன்", "டு" போன்ற சொற்களுக்குப் பின்னாலும் இதே கதைதான்: "ஐ எம் வொரீட் அபவுட் ஹேர்", "ஷி இஸ் பிளீஸ்ட் வித் மீ", "வீ ஆர் இன்ட்ரஸ்டெட் இன் இட்." எந்த மூன்றாம் வடிவத்துக்கு எந்தச் சொல் ஜோடி என்பதற்கு விதி தேடி அலைய வேண்டாம். வொரீட் அபவுட், பிளீஸ்ட் வித், இன்ட்ரஸ்டெட் இன், மேரீட் டு, கவர்ட் வித் என்று ஜோடியாகவே படியுங்கள். "மேரீட் வித் ஹேர்" நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறது. "மேரீட் டு ஹேர்" என்பதே சரி.

பிக் அப், ஸ்விச் ஓஃப் போன்ற, பிரித்து எழுதக்கூடிய இரண்டு சொல் வினைகளில் பிரதிப்பெயர் நடுவில்தான் உட்காரும். "ஐ ஹேவ் பிக்ட் இட் அப்", "ஷி ஹேஸ் ஸ்விச்ட் இட் ஓஃப்." "பிக்ட் அப் இட்" தவறு. பெயர்ச்சொல்லானால் நடுவிலும் உட்காரலாம், கடைசியிலும் உட்காரலாம். பிரதிப்பெயருக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் இல்லை.

படி 4: அழுத்தச் சொல்

இனி, தொடங்கிய கேள்விக்கு வருவோம். "வெரி" பெயரடைக்கு முன்னால் நிற்கும் சொல். வினைக்கு முன்னால் அது நிற்காது. அதனால்தான் "ஐ வெரி லைக் இட்" தவறு. மலாயில் "சாயா சங்காட் சூக்கா" சரி, தமிழில் "மிகவும் பிடிக்கும்" சரி. இரண்டு மொழியும் தைரியம் கொடுப்பதால் பிள்ளை ஆங்கிலத்திலும் அதையே செய்கிறது. ஆங்கிலத்தில் அது "ஐ லைக் இட் வெரி மச்" ஆகும். "இட்" நடுவில் வருவதைக் கவனியுங்கள். "ஐ லைக் வெரி மச் இட்" என்பதும் தவறு.

மூன்றாம் வடிவத்துக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இது இப்போது பெயரடையா, இன்னும் வினையா? சோதனைக்கு "சீம்ஸ்" என்ற சொல் உதவும். "ஷி சீம்ஸ் வொரீட்" இயல்பாக இருக்கிறது. ஆகவே வொரீட் பெயரடையாகிவிட்டது, "வெரி வொரீட்" தாராளமாகச் சொல்லலாம். டயர்ட், பிளீஸ்ட், இன்ட்ரஸ்டெட், எக்ஸைட்டெட், சர்ப்ரைஸ்ட், கன்ஃபியூஸ்ட் எல்லாம் இந்த வகை. பெரும்பாலும் மனநிலையைச் சொல்பவை.

"ஹி சீம்ஸ் ஹெல்ப்ட்" காதுக்கு ஒட்டவில்லை. ஆகவே ஹெல்ப்ட் இன்னும் வினைதான். "ஹி வோஸ் வெரி ஹெல்ப்ட் பை ஹேர்" என்று சொல்ல முடியாது. "ஹி வோஸ் கிரேட்லி ஹெல்ப்ட் பை ஹேர்" என்று எழுதலாம், பேச்சில் "ஷி ஹெல்ப்ட் ஹிம் அ லோட்" போதும். பின்னால் "பை" போட்டுச் செய்தவரைச் சொல்லும் வாக்கியமானால் "வெரி" மேல் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது வகைதான் டெஸ்ட்ராய்ட். அதற்கு அளவே கிடையாது. அழிந்தது அழிந்ததுதான். கொஞ்சம் அழிந்தது, ரொம்ப அழிந்தது என்று ஆங்கிலம் படி வைப்பதில்லை. அங்கே முழுமையைச் சொல்லும் சொல் வரும்: "கம்ப்ளீட்லி டெஸ்ட்ராய்ட்", "டோட்டலி லோஸ்ட்." முடியாததைச் சொல்ல "ஆல்மோஸ்ட் ஃபினிஷ்ட்." டேமேஜ்ட் அப்படியில்லை, சேதத்துக்கு அளவு உண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடிக் குழியான தோட்டத்துச் சாலையை "தி ரோட் இஸ் பேட்லி டேமேஜ்ட்" என்று எழுதுங்கள். வெள்ளத்தில் அடித்துப் போன பாலத்துக்கு "தி பிரிட்ஜ் வோஸ் கம்ப்ளீட்லி டெஸ்ட்ராய்ட்."

விதி இங்கே முடிகிறது, பழக்கம் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் சில அழுத்தச் சொற்களும் சில மூன்றாம் வடிவங்களும் நெடுநாள் உறவுக்காரர்கள். விபத்தில் அடிபட்டவர் சீரியஸ்லி இன்ஜர்ட் அல்லது பேட்லி இன்ஜர்ட். ஊரார் மதிக்கும் பெரியவர் ஹைலி ரெஸ்பெக்டெட். பேச்சைக் கேட்டு நெகிழ்ந்தவர் டீப்லி மூவ்ட். மனம் ஒடிந்தவர் பிட்டர்லி டிஸ்அப்பாயின்டெட். தீபாவளிக்கு முந்திய வாரத்து பஸ் ஃபுல்லி புக்ட். நன்றாகத் தேறிய மதிப்பெண் மச் இம்ப்ரூவ்ட். எல்லோருக்கும் தெரிந்த கடை வெல் நோன், இன்னும் அழுத்த வேண்டுமானால் வெரி வெல் நோன். ஹைலி டயர்ட், டீப்லி இன்ஜர்ட் என்று மாற்றி மணம் முடிக்காதீர்கள். இலக்கணம் ஒன்றும் சொல்லாது, படிப்பவர் காதுதான் உறுத்தும்.

எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தின் (குறியீடு 1119) எழுத்துத் தாளின் முதல் பகுதிக்கு ஏறக்குறைய 80 சொற்கள், இரண்டாம் பகுதிக்கு 125 முதல் 150, மூன்றாம் பகுதிக்கு 200 முதல் 250. இவ்வளவு சிறிய இடத்தில் "வெரி" ஏழெட்டு முறை வந்தால் மொழி வளம் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். "வெரி வெரி ஹேப்பி" எழுதுவதைவிட "டிலைட்டெட்" என்ற ஒற்றைச் சொல் மேல். என் அபிப்பிராயத்தில் ஒரு பகுதிக்கு ஒரு "வெரி" போதும். மற்ற இடங்களில் மேலே சொன்ன ஜோடிகளில் ஒன்றைப் போடுங்கள்.

"டூ" பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பேச்சில் "ரொம்ப" என்ற பொருளில் அதைப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது அளவு மீறியதைச் சொல்லும், பின்னால் ஒரு முடியாமை ஒளிந்திருக்கும். "ஐ வோஸ் டூ எக்ஸைட்டெட் டு ஸ்லீப்" என்றால் உற்சாகத்தில் தூக்கமே வரவில்லை. நன்றிக் கடிதத்தில் "ஐ எம் டூ பிளீஸ்ட்" வேண்டாம், "ஐ எம் சோ பிளீஸ்ட்" எழுதுங்கள். "சோ" போட்டால் பின்னால் "தேட்" சேர்த்து விளைவையும் சொல்லலாம்: "ஷி வோஸ் சோ டயர்ட் தேட் ஷி ஃபெல் அஸ்லீப் இன் தி பஸ்."

"குவைட்" இரண்டு முகம் கொண்டது. "குவைட் டயர்ட்" என்றால் ஓரளவு களைப்பு. "குவைட் ஃபினிஷ்ட்" என்றால் முழுவதும் முடிந்தது. அளவு உள்ள சொல்லோடு ஒன்று, அளவு இல்லாத சொல்லோடு மற்றொன்று. டெஸ்ட்ராய்ட் பாடம் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

படி 5: நானே, நான்தான்

பிரதிப்பெயரே அழுத்தச் சொல்லாக மாறும் இடம் இது. "நானே எழுதினேன்" என்பதை "ஐ ரோட் இட் மைசெல்ஃப்" என்றோ "ஐ மைசெல்ஃப் ரோட் இட்" என்றோ சொல்லலாம். முதலாவது பேச்சுக்கு இயல்பு, இரண்டாவது சற்று விறைப்பு. மூன்றாம் வடிவத்தோடு: "ஷி ஹேஸ் டிசைன்ட் இட் ஹேர்செல்ஃப்." "பை" சேர்ந்தால் துணையில்லாமல் தனியாக என்று பொருள் வரும்: "ஷி வோஸ் லெஃப்ட் பை ஹேர்செல்ஃப்." அவளைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

"நான்தான் செய்தேன்" மட்டும் தொல்லை கொடுக்கும். நம்மவர் அதை "ஐ ஒன்லி டிட் இட்" என்பார்கள். ஆங்கிலக்காரர் காதில் அது "வேறொன்றும் இல்லை, அதை மட்டும்தான் செய்தேன்" என்று விழும். "இட் வோஸ் மீ" அல்லது "ஐ எம் தி ஒன் ஹூ டிட் இட்" என்று சொல்லிப் பழகுங்கள். இன்டர்வியூவில் தான் செய்த வேலையைச் சொல்லும்போது இந்த வேறுபாடு காசு பெறும்.

"ஹிஸ்செல்ஃப்", "தேர்செல்வ்ஸ்" என்று சொற்கள் இல்லை. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ்தான்.

படி 6: செய்வித்துக்கொள்வது

தமிழில் "முடி வெட்டினேன்" என்று சொன்னால் கடையில் போய் வெட்டிக்கொண்டதாக எல்லோரும் புரிந்துகொள்வார்கள். "ஐ கட் மை ஹேர்" என்றால் கண்ணாடி முன் கத்தரிக்கோலோடு நீங்களே நின்றதாக ஆகிவிடும். பிறரைக் கொண்டு செய்வித்ததற்கு ஆங்கிலத்தில் தனி அச்சு உண்டு: ஹேட், பிறகு பொருள் அல்லது பிரதிப்பெயர், பிறகு மூன்றாம் வடிவம். "ஐ ஹேட் மை ஹேர் கட்." மோட்டார் சைக்கிள் பழுதாகிப் பட்டறையில் கொடுத்தால் "ஐ ஹேட் இட் ரிப்பேர்ட்." நன்றாகவே பார்க்கச் சொன்னால் "ஐ ஹேட் இட் புரோப்பர்லி ரிப்பேர்ட்." சொல் வரிசையை மாற்றி "ஐ ஹேட் ரிப்பேர்ட் இட்" என்றால், முன்பே நானே பழுதுபார்த்துவிட்டேன் என்று அர்த்தம் தலைகீழாகும்.

மலாயின் "கெனா மாரா" (திட்டு வாங்குவது) இதற்குப் பக்கத்து வீடு. நம் பிள்ளைகள் "ஐ கெனா ஸ்கோல்ட்" என்று கலந்து அடிப்பதைத் தினமும் கேட்கலாம். "ஐ கோட் ஸ்கோல்டெட்" பேச்சுக்கு ஏற்றது. எழுத்தில் "ஐ வோஸ் ஸ்கோல்டெட்." "வெரி ஸ்கோல்டெட்" வராது, ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். "பேட்லி ஸ்கோல்டெட்" வரும்.

படி 7: வாயில் வைத்துப் பாருங்கள்

எழுத்தில் "ஈ, டி" என்று முடிவது பேச்சில் மூன்று விதமாக ஒலிக்கும். வோக்ட், ஷாக்ட், ஃபினிஷ்ட் போன்றவற்றில் காற்று மட்டும் வெளியேறும் மெல்லிய ட். டயர்ட், பிளீஸ்ட், டேமேஜ்ட் போன்றவற்றில் தொண்டை அதிரும் ட். சொல்லே ஏற்கெனவே "ட" ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை பிறக்கும்: வான்டெட், நீடெட், எக்ஸைட்டெட். "வோக்கெட்" என்று தேவையில்லாமல் அசை சேர்ப்பதும், "ஐ எம் சோ டயர்" என்று முடிவையே விழுங்குவதும் நம் பக்கத்துப் பழக்கம். பின்னதுதான் ஆபத்து. 1119இன் பேச்சுத் தேர்வில் கடைசி ஒலி கேட்காவிட்டால், சரியாகத் தெரிந்த இலக்கணமும் தெரியாததாகவே எண்ணப்படும்.

கையைச் சூடாக்கிக்கொள்ளச் சில பிழை வாக்கியங்கள். திருத்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு முயலுங்கள்.

"மை மதர் இஸ் வெரி போரிங் அட் ஹோம்." அம்மாவுக்கு அலுப்பு என்று சொல்ல வந்தது. திருத்தம்: "மை மதர் இஸ் வெரி போர்ட் அட் ஹோம்."

"தி ஓல்ட் டெம்பிள் வோஸ் வெரி பில்ட் பை தே." கட்டுவதில் அளவு இல்லை, "பை"க்குப் பின்னால் "தே" வராது. திருத்தம்: "தி ஓல்ட் டெம்பிள் வோஸ் பில்ட் பை தெம்." அழுத்தம் வேண்டுமானால் "வெல் பில்ட்."

"மை டீச்சர் ஹேஸ் ரோட் இட் ஹிம்செல்ஃப்", ஆசிரியை பெண். திருத்தம்: "மை டீச்சர் ஹேஸ் ரிட்டன் இட் ஹேர்செல்ஃப்."

"ஐ வெரி டிஸ்அப்பாயின்ட் வித் ஹி." திருத்தம்: "ஐ எம் வெரி டிஸ்அப்பாயின்டெட் வித் ஹிம்." துணிந்தவர்கள் "பிட்டர்லி டிஸ்அப்பாயின்டெட்" போடலாம்.

"ஐ ரிப்பேர் மை மோட்டார் அட் தி வொர்க்‌ஷாப், நவ் இட் இஸ் மச் கூட்." திருத்தம்: "ஐ ஹேட் மை மோட்டார்சைக்கிள் ரிப்பேர்ட் அட் தி வொர்க்‌ஷாப், நவ் இட் இஸ் மச் பெட்டர்." மச், ஒப்பிடும் சொல்லோடு சேரும். வெறும் "கூட்" என்றால் அங்கே "வெரி" வந்து உட்காரும்.